நாம் என்றொரு சராசரி

தன்மைப் பன்மைக்குத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. “நாங்க சாப்பிட்டாச்சு” என்று வீட்டுக்காரர் சொன்னால், வந்தவர் சாப்பாடு அதில் சேர்த்தி இல்லை. பேச்சில் யாருமே இதில் தடுமாறுவதில்லை. ஆனால் பருவநிலை மாற்றம் பற்றி எழுத உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஒரே சொல்தான் வருகிறது. “நாம் அளவுக்கு மீறி நுகர்கிறோம்.” “நாம் பூமியைச் சூடாக்கிவிட்டோம்.” நம் ஊர்க் கவிதைகளிலும் மேடைப் பேச்சிலும் மட்டும் இல்லை, பொருளியல் ஆய்வுகளிலும் எழுவாய் இந்த ‘நாம்’தான். அங்கே அதற்குச் சராசரி என்று பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படிப்பட்ட ஒரு சராசரியை இங்கே கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம். ‘கரிம உமிழ்வுச் செயல்திறன்’ என்று ஒரு எண் இருக்கிறது. ஒரு நாடு எவ்வளவு குறைவான புகையில் எவ்வளவு அதிகமான செல்வத்தை உண்டாக்குகிறது என்பதைச் சொல்லும் எண். இந்த எண்ணுக்கும் நாட்டுக்குள் இருக்கும் வருமான ஏற்றத்தாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. கேள்வி நல்ல கேள்விதான். என் விமர்சனம் பதிலைப் பற்றியது அல்ல, அளவுகோலைப் பற்றியது. இந்த ஆய்வுகள் இரண்டு எண்களை ஒப்பிடுகின்றன. அந்த இரண்டு எண்களிலும் இருக்கும் ‘நாம்’ ஒரே ‘நாம்’ இல்லை.

*

முதலில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். எளிய வழி, நாட்டின் ஜிடிபியை அந்த நாடு வெளியேற்றிய கரியமில வாயுவால் வகுப்பது. ஒரு டன்னுக்கு இத்தனை டாலர். டாலர் கூடினால் செயல்திறன் கூடிவிட்டது என்று அர்த்தம். அதையே தலைகீழாக வகுத்தால் ‘உமிழ்வுச் செறிவு’. கொஞ்சம் சிக்கலான இன்னொரு வழியும் உண்டு. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூன்று பேர் உருவாக்கிய டிஇஏ என்ற கணக்கு முறை. உழைப்பு, மூலதனம், எரிசக்தி எல்லாம் உள்ளே போகின்றன. விரும்பத்தக்க விளைச்சலாக ஜிடிபியும், வேண்டாத விளைச்சலாகப் புகையும் வெளியே வருகின்றன. இருப்பதிலேயே சிறப்பாகச் செய்யும் நாடுகளை வைத்து ஒரு எல்லைக்கோடு போட்டு, மற்ற நாடுகள் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் மதிப்பெண் போடுகிறார்கள்.

அந்த முறையில் கணக்கிடப்படும் ஒவ்வொன்றையும் ‘முடிவெடுக்கும் அலகு’ என்று அழைப்பது வழக்கம். முதலில் அதைப் பயன்படுத்தியது பள்ளிக்கூடத் திட்டங்களை ஒப்பிடத்தான், அதனால் அங்கே அந்தப் பெயர் பொருந்தியது. பள்ளிக்குத் தலைமையாசிரியர் இருக்கிறார், அவர் முடிவெடுக்கிறார். நாடு என்று வரும்போது முடிவெடுப்பது யார்? நிலக்கரி ஆலை வேண்டும் என்று தீர்மானித்தவரும், அந்த ஆலைக்குப் பக்கத்தில் மூச்சுவிடுபவரும் ஒரே அலகா? கலைச்சொல் என்று நாம் தாண்டிப் போகும் இடத்திலேயே ஆய்வு ஒரு பெரிய விஷயத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

நான் கட்டடக் குளிரூட்டு அமைப்புகளில் வேலை பார்ப்பவன். செயல்திறன் என்பது எங்களுக்கு அன்றாடம் புழங்கும் சொல். ஒரு சில்லர் எவ்வளவு மின்சாரம் தின்று எவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது என்பதுதான் அதன் செயல்திறன். இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எது பயனுள்ள விளைச்சல்? அறைக்குள் இருப்பவருக்குக் கிடைக்கும் குளிர்தான் பயன் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அறையிலிருந்து பிடுங்கிய வெப்பம், அதோடு மோட்டார் தின்ற மின்சாரம், இரண்டும் சேர்ந்து வெளியே போய்த்தான் ஆகவேண்டும். பின்சந்தில் நிற்பவர் முகத்தில் அது அடிக்கும். ஆனால் சில்லரின் மதிப்பெண்ணில் அவருக்கு ஒரு புள்ளியும் குறையாது. கணக்கு தப்பு என்று சொல்லவில்லை. கணக்குக்கு ஒரு உள்ளே, ஒரு வெளியே இருக்கிறது, அந்தக் கோட்டை யாரோ ஒருவர் போட்டிருக்கிறார் என்றுதான் சொல்கிறேன்.

கரிமச் செயல்திறனில் பயனுள்ள விளைச்சல் என்று முடிவு செய்யப்பட்டது ஜிடிபி. யாருடைய கைக்குப் போன டாலர் என்ற கேள்வி அதில் கிடையாது.

*

அந்தக் கேள்வி இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு தீவில் பத்துப் பேர். ஆளுக்கு 10 வெள்ளி வருமானம், ஆளுக்கு 5 டன் புகை. மொத்தம் 100 வெள்ளி, 50 டன். ஒரு டன்னுக்கு 2 வெள்ளி. இப்போது ஒன்பது பேரின் வருமானம் பாதியாகி 5 வெள்ளி ஆகிறது. மிச்சமெல்லாம் பத்தாவது ஆளிடம் போகிறது, அவருக்கு 55 வெள்ளி. ஒன்பது பேரும் ஏர்கானை விற்றுவிட்டார்கள், பேருந்தை விட்டு நடக்கிறார்கள். ஆளுக்கு 3 டன். பத்தாவது ஆளுக்குப் பெரிய வீடு, கார், விமானப் பயணம் எல்லாம் உண்டு. ஆனால் வருமானம் ஐந்தரை மடங்கு ஆனதால் புகையும் ஐந்தரை மடங்கு ஆகிவிடாது. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு கார் ஓட்ட முடியாது, மிச்சப் பணம் பங்குகளில் போய் உட்காரும். அவருக்கு 15 டன் என்று வையுங்கள். மொத்தம் 42 டன். ஜிடிபி அதே 100. செயல்திறன் டன்னுக்கு 2.38 வெள்ளி.

கிட்டத்தட்ட 19 விழுக்காடு முன்னேற்றம்! ஒரு சூரியத் தகடு பொருத்தவில்லை, ஒரு இயந்திரம்கூட மாற்றவில்லை. ஒன்பது பேர் ஏழையானதுதான் நடந்த ஒரே தொழில்நுட்ப மாற்றம்.

இது வெறும் விளையாட்டுக் கணக்கு இல்லை. 2000இல் ராவல்லியன், ஹெய்ல், ஜலான் மூவரும் எழுதிய ஆய்வு இந்தச் சங்கடத்தைத்தான் முன்வைத்தது. வருமானம் ஏற ஏற, கூடுதலாக வரும் ஒவ்வொரு டாலருக்கும் ஆகும் புகை குறைகிறது என்றால், ஏழைகளுக்குப் பங்கு கொடுப்பது குறுகிய காலத்தில் உமிழ்வைக் கூட்டும். சமத்துவமா, சூழலா என்று ஒரு பேரம். பிறகு 2017இல் குருன்வால்டும் சக ஆய்வாளர்களும் இதை வருமான நிலை வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் ஏற்றத்தாழ்வு கூடினால் தலைக்கான உமிழ்வு குறைகிறது, வசதியான நாடுகளில் ஏற்றத்தாழ்வு கூடினால் உமிழ்வும் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஏழை நாட்டில் ஏற்றத்தாழ்வு என்றால் பாதிப் பேருக்கு மின்சாரமே எட்டவில்லை என்று அர்த்தம். புகை குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

இதற்கு எதிர்த் திசையிலிருந்து ஒரு வாதம் 1994இலேயே வந்துவிட்டது. ஜேம்ஸ் பாய்ஸ் என்ற பொருளியலாளருடையது. அவர் நுகர்வைப் பார்க்கவில்லை, அதிகாரத்தைப் பார்த்தார். சூழலைக் கெடுக்கும் செயலில் லாபம் அடைபவர் ஒருவர், நட்டம் அடைபவர் இன்னொருவர். லாபம் அடைபவர் பலசாலியாகவும் நட்டம் அடைபவர் பலமில்லாதவராகவும் இருந்தால் அந்தச் செயல் நிற்காது. ஏற்றத்தாழ்வு பெருகப் பெருக இந்த இடைவெளியும் பெருகும் என்பது அவர் வாதம். எனக்கு இந்த வாதம் நெருக்கமாகப் படக் காரணம், ‘முடிவெடுக்கும் அலகு’ என்ற சொல்லை அது இரண்டாக உடைத்துக் காட்டுகிறது. முடிவெடுப்பவர் வேறு, அலகுக்குள் அடைபட்டவர் வேறு.

*

நாடுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் என்ன தெரிகிறது? நான்கு மூலைக்கு நான்கு நாடுகளை எடுத்துக்கொள்வோம்.

சுவீடனில் ஏற்றத்தாழ்வு குறைவு, ஜினி 0.3ஐ ஒட்டி. ஒரு டாலருக்கு ஆகும் புகையும் குறைவு. “சமத்துவம் வந்தால் சூழலும் சரியாகும்” என்று சொல்ல விரும்புபவர்கள் காட்டும் நாடு. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் இருந்தன, 1991இலேயே கரிம வரி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஜகஸ்தானிலும் ஏற்றத்தாழ்வு குறைவு, ஜினி ஏறக்குறைய சுவீடன் அளவுதான். ஆனால் புகை மிக அதிகம். நிலக்கரி, கடுங்குளிர், சோவியத் காலத்துக் கனரகத் தொழில். பிரேசிலில் ஜினி 0.5ஐத் தாண்டும், ஆனால் எரிசக்திப் புகை குறைவு, ஏனென்றால் மின்சாரத்தில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்து வருகிறது, கார்களில் கரும்பு எத்தனால் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவில் உலக வங்கிக் கணக்கில் ஜினி 0.63, உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. புகையும் மிக அதிகம்.

நான்கு மூலையிலும் ஆள் இருக்கிறார்கள். ‘ஏற்றத்தாழ்வு இவ்வளவு ஏறினால் செயல்திறன் இவ்வளவு இறங்கும்’ என்ற ஒற்றைக் கோட்டை இந்தப் படத்தின் மேல் போடலாம், கணினி போட்டுத் தரும். ஆனால் அந்தக் கோடு எந்த நாட்டின் கதையையும் சொல்லாது.

கதை வேறு இடத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவை எடுங்கள். நிறவெறி ஆட்சியில் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மலிவு நிலக்கரி மின்சாரம் தாராளமாக ஓடியது. 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு. இருளில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பர்களின் வீடுகள். வெளிநாட்டு எண்ணெய் தடைபடும் என்ற அச்சத்தில் அந்த அரசு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலைகளைக் கட்டியது. அதில் சாசோல் நிறுவனத்தின் செகுண்டா ஆலை இன்றைக்கும் உலகின் மிகப் பெரிய ஒற்றை உமிழ்விடங்களில் ஒன்று. இங்கே ஏற்றத்தாழ்வு புகைக்குக் ‘காரணி’ என்று சொல்வதுகூடப் போதாது. இரண்டையும் பெற்றெடுத்தது ஒரே ஆட்சிமுறை. ஒரு ஆய்வுத் தாள் இந்த நாட்டின் ஜினியை ஒரு கட்டத்திலும் புகையை இன்னொரு கட்டத்திலும் போட்டு இரண்டுக்கும் தொடர்பு கண்டுபிடித்தால், உடன்பிறந்த இருவருக்கு முகச்சாயல் இருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி.

பிரேசிலின் நல்ல மதிப்பெண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. செயல்திறன் கணக்குகள் பெரும்பாலும் எரிபொருள் புகையை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. காடழிப்பைச் சேர்த்தால் பிரேசிலின் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் அந்த நாட்டு உமிழ்வில் மிகப் பெரிய பகுதி அங்கிருந்துதான் வருகிறது. காட்டை அழித்து மாட்டுப் பண்ணை ஆக்கியதற்குப் பின்னால் இருப்பது நிலவுடைமை ஏற்றத்தாழ்வு. அளவுகோல் காட்டை வெளியே தள்ளியபோது, ஏற்றத்தாழ்வு செய்த வேலையும் சேர்ந்தே வெளியே போய்விட்டது.

*

சரி, வீட்டுக்கு வருவோம்.

சிங்கப்பூர் இந்த அளவுகோலில் நல்ல பிள்ளை. ஒரு டாலர் ஜிடிபிக்கு ஆகும் உமிழ்வில், சுமார் 140 நாடுகளை ஒப்பிட்டால், மிகக் குறைந்த 20 நாடுகளுள் நாமும் ஒருவர் என்று அரசாங்கம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. எரிஎண்ணெயிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மின்னிலையங்கள் மாறியது உண்மையான பொறியியல் சாதனை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அதே ஒப்பீட்டில் தலைக்கு என்று கணக்கிட்டால் அதிகம் வெளியேற்றும் முதல் 30 நாடுகளுக்குள் வந்துவிடுகிறோம். ஆளுக்குச் சுமார் 10 டன். ஒரே நாடு, ஒரே புகை, வகுக்கும் எண் மட்டும் வேறு.

இந்த நாட்டின் மூன்று எண்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘நாம்’ யார் என்று பார்ப்போம்.

முதல் எண், உமிழ்வு. 2022இல் சிங்கப்பூரின் மொத்த உமிழ்வு ஏறத்தாழ 58 மில்லியன் டன். நாட்டின் எல்லைக்குள் எரிந்தது எல்லாம் இதில் வரும். ஜூரோங் தீவில் சுத்திகரித்து வேறு நாட்டுக்குப் போகும் பொருளின் புகையும் நம் தலையில்தான் விழுகிறது. இதை அரசாங்கம் அடிக்கடி சுட்டிக்காட்டும், அது நியாயமும்கூட. ஆனால் மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூர் உலகின் மிகப் பெரிய கப்பல் எரிபொருள் நிரப்பு துறைமுகம். அதே 2022இல் சுமார் 48 மில்லியன் டன் எரிபொருள் இங்கே கப்பல்களுக்கு விற்கப்பட்டது. ஒரு டன் எரிஎண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 3.1 டன் கரியமில வாயு. பெருக்கிப் பாருங்கள், 150 மில்லியன் டன்னுக்குப் பக்கத்தில் வரும், நாட்டின் மொத்த உமிழ்வைப்போல் இரண்டரை மடங்கு. ஐநா விதிப்படி அனைத்துலகக் கப்பல் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது, தனிக் குறிப்பாகத்தான் நிற்கும். அந்தப் புகை முழுவதும் சிங்கப்பூருடையது என்று நான் சொல்ல வரவில்லை; கப்பலில் ஏறிய சரக்கு யார் யாருக்கோ போகிறது. ஆனால் அந்த வியாபாரத்தின் வருமானம் நம் ஜிடிபியில் இருக்கிறது, புகை கடலில் இருக்கிறது.

இரண்டாவது எண், ஜிடிபி. இதன் ‘நாம்’ ரொம்பப் பெரிய மனசுக்காரர். நாட்டுக்குள் யார் உழைத்தாலும் சேர்த்துக்கொள்வார். வங்கியில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் உண்டு, கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலை அனுமதிச் சீட்டுக்காரரும் உண்டு, வீட்டுப் பணிப்பெண்ணும் உண்டு. 2023 முடிவில் வேலை அனுமதிச் சீட்டில் இருந்தவர்கள் மட்டும் ஒரு மில்லியனுக்கும் மேல். அவர்களில் நம் மொழி பேசுபவர்கள் எத்தனை பேர் என்பது ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது எண், ஜினி. 2023க்கு அரசாங்கம் வெளியிட்ட அளவு 0.433, வரியும் அரசு உதவியும் கழித்துக் கூட்டிய பிறகு 0.371. இது யாரைப் பற்றிய எண்? குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் தலைமை வகிக்கும், வேலை பார்ப்பவர் இருக்கும் குடும்பங்களைப் பற்றியது. அதிலும் வேலையிலிருந்து வரும் வருமானம் மட்டும். மேலே, வாடகையிலும் பங்கு ஈவிலும் வரும் பணம் கணக்குக்கு வெளியே. கீழே, விடுதியில் தங்கியிருக்கும் தொழிலாளியும் கணக்குக்கு வெளியே. பணிப்பெண் அந்த வீட்டிலேயே தூங்கி எழுந்தாலும் அவர் சம்பளம் அந்தக் குடும்பத்தின் வருமானத்தில் சேராது. ஏணியின் உச்சிப் படியையும் அடிப் படியையும் கழற்றி வைத்துவிட்டு ஏணியின் உயரத்தை அளக்கிறோம்.

இப்போது ஒரு ஆய்வாளர் சிங்கப்பூரை ஒரு புள்ளியாக வரைபடத்தில் வைக்கிறார். கிடைக்கோட்டில் ஜினி, செங்குத்துக் கோட்டில் செயல்திறன். அந்தக் கம்பி கட்டுபவர் செங்குத்துக் கோட்டில் இருக்கிறார், அவர் உழைப்பு ஜிடிபியை ஏற்றிப் புள்ளியை மேலே தள்ளுகிறது. அவர் மிகக் குறைவாகத்தான் நுகர்கிறார், அதனால் புகையும் ஏறவில்லை, புள்ளி இன்னும் மேலே போகிறது. கிடைக்கோட்டில் அவர் இல்லவே இல்லை. அவருடைய சம்பளம் ஏற்றத்தாழ்வைக் கூட்டிக் காட்டவும் இல்லை. செயல்திறனுக்கு அவர் ‘நாம்’, சமத்துவத்துக்கு ‘அவர்கள்’.

இது ஒரு நாட்டின் புள்ளிவிவரத் துறையின் சதி அல்ல. ஒவ்வொரு எண்ணும் அதனதன் வேலைக்காகச் செய்யப்பட்டது, ஒவ்வொன்றின் வரையறையும் அறிக்கையிலேயே வெளிப்படையாக இருக்கிறது. தவறு, இந்த மூன்றையும் ஒரே ‘நாம்’ என்று எடுத்துக்கொண்டு கோடு போடும் வாசிப்பில் இருக்கிறது.

*

பிஐஇ விரைவுச்சாலையில் காலை நேரத்தில் போகும் வாகனங்களை ஒரு ஆளுக்கு இவ்வளவு புகை என்று வரிசைப்படுத்தினால், பேருந்துக்குப் போட்டியாக மேலே வந்து நிற்பது எது தெரியுமா? பின்னால் இருபது பேரை உட்கார வைத்துப் போகும் லாரி. ஒரு டீசல் எஞ்சின், இருபது பேர். பக்கத்துத் தடத்தில் ஒரே ஆளோடு போகும் கார் இதற்குக் கிட்டவே வராது. அந்தக் காரை வாங்கும் உரிமைக்கு மட்டும் 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. லாரியில் ஆள் ஏற்றுவது பாதுகாப்பா என்று நாடாளுமன்றத்தில் பல முறை கேள்வி எழுந்திருக்கிறது. இருக்கைப் பட்டை போட்ட பேருந்துக்கு மாறினால் செலவு கூடும் என்பது முதலாளிகள் தரப்பு சொல்லும் பதில். ஒரு ஆளுக்கான புகையும் கொஞ்சம் கூடலாம் என்று நான் சேர்த்துச் சொல்வேன். அப்படியானால் செயல்திறன் அளவுகோல் யார் பக்கம் நிற்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் கூர்மையாகக் கேட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள். 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறு நூல், உயிர் பிழைப்பதற்கான உமிழ்வையும் ஆடம்பர உமிழ்வையும் பிரித்தது. நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் அமெரிக்கக் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தராசில் போடாதே என்றது. ஏழை நாடுகளின் வாதத்துக்கு முதுகெலும்பான நூல். ஆனால் அதன் கணக்கும் நாட்டுச் சராசரியில் போய் நின்றது. அந்த இடைவெளியை 2007இல் கிரீன்பீஸ் இந்தியா பிடித்தது. இந்தியாவின் பணக்காரர்கள் தங்கள் நாட்டு ஏழைகளின் குறைந்த உமிழ்வுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அவர்கள் அறிக்கையின் சாரம். ‘நாங்கள் ஏழை நாடு’ என்று சொன்ன ‘நாங்கள்’ யார் என்று கேட்ட அறிக்கை அது.

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு எண் இருக்கிறது. லூகா சான்செல் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் உலக உமிழ்வில் 48 விழுக்காடு மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினருடையது; கீழ்ப்பாதி மக்களுடையது 12 விழுக்காடு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. 1990இல் தனிமனித உமிழ்வுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி நாடுகளுக்கு இடையே இருந்தது. இப்போது பெரும்பகுதி நாடுகளுக்கு உள்ளே இருக்கிறது. அதாவது நாட்டை ஒரு புள்ளியாக வைத்து வரைவது முப்பது ஆண்டுக்கு முன்னால் ஓரளவு நியாயம். இப்போது நாம் பார்க்க வேண்டியதே அந்தப் புள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

*

“அப்ப என்னதான் செய்யச் சொல்ற, செயல்திறனே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். ஒரு டன் குளிருக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம். மலேசியா 2030க்குள் உமிழ்வுச் செறிவை 2005ஐவிட 45 விழுக்காடு குறைப்பதாகச் சொல்லியிருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் செறிவு 45 விழுக்காடு குறைந்து பொருளாதாரம் மூன்று மடங்கானால் புகை 1.65 மடங்காகும் என்பது மூன்றாம் வகுப்புப் பெருக்கல். வானத்துக்கு விகிதம் தெரியாது, டன்தான் தெரியும். சிங்கப்பூர் செறிவு இலக்கை விட்டுவிட்டு, 2030இல் 60 மில்லியன் டன் என்று நேரடியான இலக்குக்கு மாறியதை நான் வரவேற்பது அதனால்தான்.

டன் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி, யாருடைய டன்? இங்கேதான் நிஜமான பணம் கைமாறுகிறது. சிங்கப்பூரின் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் 25. 2026இல் 45. 2030க்குள் 50இலிருந்து 80 வரை போகும். ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் பெரிய ஆலைகள் கட்டும் வரி என்றாலும், மின்கட்டணம் வழியாக அது எல்லார் வீட்டுக்கும் வரும். 25 வெள்ளி ஆனபோது நாலறை வீவக வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கமே மதிப்பிட்டது. அதை ஈடுகட்ட யு-சேவ் தள்ளுபடியும் கொடுத்தது. வீவக வீடுகளில் வசிக்கும் குடிமக்களுக்கு அது போய்ச் சேருகிறது. அனைத்துலகப் போட்டியில் இருக்கும் ஆலைகளுக்கும் இடைக்காலச் சலுகை உண்டு. தொழிலாளர் விடுதிக்கு யு-சேவ் கிடையாது. அங்கே மின்கட்டணம் ஏறினால் கடைசியில் அது யார் தலையில் இறங்கும் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. காண்டோவில் இருப்பவருக்கும் தள்ளுபடி கிடையாது, ஆனால் அவருக்கு அந்த நாலு வெள்ளி ஒரு கோப்பிக் காசு. விடுதியில் இருப்பவருக்கு அது ஊருக்குப் பேசும் ஒரு மாத டேட்டா.

ஏற்றத்தாழ்வுக்கும் கரிமச் செயல்திறனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வரும் எந்தப் பதிலையும் வாசிக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். புகையில் யார் சேர்த்தி? பணத்தில் யார் சேர்த்தி? ஜினியில் யார் சேர்த்தி? மூன்று பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த ஆய்வு எவ்வளவு நட்சத்திரக்குறி போட்டு முடிவைச் சொன்னாலும், அது வேறு வேறு மனிதர்களை ஒரே பெயரில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

எழுதுகிற நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘மனிதன் இயற்கையை அழித்தான்’ என்று தொடங்கும் கதையும் கவிதையும் இங்கே வருடா வருடம் போட்டிகளில் பரிசு வாங்குகின்றன. எந்த மனிதன் என்று அவை சொல்வதில்லை. கதை எழுதும்போது பாத்திரத்துக்கு ஊர், வேலை, சம்பளம், வீடு எல்லாம் கொடுக்கிறோம். சூழலியல் என்று வந்ததும் அதே கை எல்லாரையும் ஒரே ‘மனிதன்’ ஆக்கிவிடுகிறது. ஆய்வாளருக்காவது தரவு கிடைக்கவில்லை என்று சாக்கு உண்டு, எழுத்தாளருக்கு அதுவும் கிடையாது. இனி ‘நாம்’ என்று எழுதும்போது லாரியின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அதில் சேர்த்தியா என்று முடிவு செய்துகொண்டு எழுதலாம். சேர்த்தி என்றால், வரவில் மட்டுமல்ல, பங்கிலும் அவரைச் சேர்த்து எழுத வேண்டும். சேர்த்தி இல்லை என்றால் தமிழில் அதற்கு ‘நாங்கள்’ என்று வேறு சொல் இருக்கிறது. அதையாவது நேர்மையாகப் பயன்படுத்தலாம்.